கணவர் பிரெஞ்சுக் குடிமகன், வேலை நெதர்லாந்தில்: விசாவுக்கு எங்கே போவது?

கடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் புதுச்சேரிக்காரர். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவர் இரண்டு வருடமாக நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கிறார். ஐந்து மாதத்துக்கு முன்பு கல்யாணம் முடிந்தது, லீவு முடிந்ததும் அவர் திரும்பிப் போய்விட்டார். "மாமியார் வீட்டில் பிரெஞ்சு கான்சலேட்டில்தான் மனு போட வேண்டும் என்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர் டச்சு மொழித் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும், வங்கியில் ஐந்து லட்சம் காட்ட வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பின்னால் நாங்கள் பிரான்ஸுக்கே போய்விட்டால் என்ன ஆகும்?" இதுதான் கேள்வி.

அம்மா, இரண்டு பேர் சொல்வதும் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இருவரும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம்.

மாமியார் வீட்டில் சொல்வது அவர்கள் பார்த்துப் பழகிய வழி. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்லலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களில் பிள்ளைகள் பிரான்ஸுக்குப் போவதும், கல்யாணம் முடிந்ததும் மனைவிக்குக் கான்சலேட்டில் விசா கேட்பதும் வழக்கமாகிவிட்டது. கணவர் பாரிஸில் வேலை பார்த்திருந்தால் நீங்களும் அங்கேதான் போக வேண்டும். பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கான நீண்டகால விசா பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டப்படி கிடைக்கும்.

உங்கள் கணவர் இருப்பதோ நெதர்லாந்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடிமகன், தன் நாடு அல்லாத இன்னொரு உறுப்பு நாட்டில் வாழும்போது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தனிச் சட்டம் ஒன்று பொருந்துகிறது. 2004-ல் வந்த 38-ஆம் எண் உத்தரவு அது. கணவனோ மனைவியோ எந்த நாட்டவராக இருந்தாலும், துணையோடு சேர்ந்து வரலாம் அல்லது பின்னால் போய்ச் சேரலாம் என்று அது சொல்கிறது. இதை டச்சு அரசு தரும் சலுகை என்று நினைக்காதீர்கள், இது உங்களுக்கு உள்ள உரிமை. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது நெதர்லாந்திடம்.

ஏஜென்ட் சொன்ன மொழித் தேர்வும் கற்பனை இல்லை. நெதர்லாந்தில் அப்படி ஒன்று இருக்கிறது, டச்சுக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்ட இந்தியப் பெண்ணுக்கு. அவர் இங்கிருந்தே டச்சு மொழி, சமூகம் பற்றிய ஆரம்பநிலைத் தேர்வு எழுத வேண்டும், கணவரின் வருமானமும் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். கேட்டால் விசித்திரமாக இருக்கும்: டச்சுக்காரரின் மனைவிக்கு உள்ள தேர்வு, டச்சு மண்ணில் வாழும் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு இல்லை. காரணம் நான் மேலே சொன்னதுதான். தன் சொந்த நாட்டிலேயே இருப்பவருக்கு அந்த நாட்டுச் சட்டம், நாடு மாறி வாழ்பவருக்கு ஐரோப்பியச் சட்டம். டென்மார்க் குடியுரிமை வாங்கிய ஈழத்தமிழர்கள் இதை நன்றாக அறிவார்கள். அங்கே மனைவியை அழைக்க இருவருக்கும் குறைந்தது 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2002 முதல் இருக்கிறது. அதே டென்மார்க் குடிமகன் ஜெர்மனியில் வேலைக்குப் போய் அங்கே குடியிருந்தால் அந்த விதி அவரைத் தொடாது.

சரி, என்னென்ன காட்ட வேண்டும்? இந்த விசாவுக்கு மூன்றே விஷயம்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் கணவர் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன், நீங்கள் அவர் மனைவி, அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போகிறீர்கள். முதலாவதுக்கு அவர் பாஸ்போர்ட் நகல். இரண்டாவதுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ். மூன்றாவதுக்கு அவர் ஐந்தோவன் நகராட்சியில் பதிவு செய்திருப்பதற்கான சான்று, வேலை ஒப்பந்தம், "என் மனைவி என்னுடன் வந்து வாழப் போகிறார்" என்று அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். இவற்றோடு உங்கள் பாஸ்போர்ட், போட்டோ, படிவம். வங்கி இருப்பு, வருமான வரி ரசீது, ஹோட்டல் புக்கிங், பயண இன்ஷூரன்ஸ், நீங்கள் ஊருக்குத் திரும்புவீர்கள் என்பதற்கான ஆதாரம் எதுவும் வேண்டாம். விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வேலை, செலவை யார் ஏற்பது போன்ற சில கட்டங்களின் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தார் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை என்று அதே படிவத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

விசாவுக்குக் கட்டணமும் கிடையாது. மற்ற பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ, உங்களுக்கு இலவசம். விசா மையங்கள் வாங்கும் சேவைக் கட்டணம் வேறு. அந்த மையம் வழியாகப் போக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, தூதரகத்திலேயே நேரடியாகக் கொடுக்கும் உரிமை உண்டு. சென்னை மையத்திலேயே கொடுத்துவிடலாம், அலைச்சல் மிச்சம் என்று நீங்களாக முடிவு செய்தால் சேவைக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். கடலூரிலிருந்து போய்வருகிற உங்களுக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போது சுற்றுலா விசா என்று தேர்வு செய்துவிடாதீர்கள். ஐரோப்பியக் குடிமகனின் குடும்பத்தார் என்ற வகையைத்தான் எடுக்க வேண்டும். டச்சு நடைமுறையில் இதற்கு 'ஃபசிலிட்டேட்டிங் விசா' என்று பெயர்.

கவுன்டரில் இருப்பவர் எல்லாருக்கும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு "பேங்க் ஸ்டேட்மென்ட் எங்கே?" என்று கேட்கக்கூடும். பதற வேண்டாம். விண்ணப்பத்தின் மேலே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள்: 2004/38 உத்தரவின்படி விண்ணப்பிக்கிறேன், கணவர் பிரெஞ்சுக் குடிமகன், நெதர்லாந்தில் வாழ்கிறார், இணைத்துள்ள ஆவணங்கள் இவை. முடிவெடுக்கும் அதிகாரி முதலில் பார்ப்பது அந்தக் கடிதமாக இருக்கட்டும். இத்தகைய விண்ணப்பங்களை விரைவு நடைமுறையில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான்கு வாரத்துக்கு மேல் இழுப்பது நியாயமில்லை என்று ஐரோப்பிய ஆணையமே 2009-ல் வழிகாட்டியிருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது பெயர் விஷயத்தில். நம்மவர்களின் கோப்பு பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். முருகன் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் எம்-யு என்று தொடங்கும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆவணத்தில் அதே பெயர் எம்-ஓ-யு என்று தொடங்கும், கடைசியில் ஒரு ஈ-யும் ஒட்டிக்கொண்டிருக்கும். என்னிடம் வந்த ஒரு கோப்பில், சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்தவர் மாப்பிள்ளை பெயரை நம் ஊர் வழக்கப்படி எழுதிவிட்டார். பெண்ணின் இனிஷியல் சான்றிதழில் முன்னால் இருந்தது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து பின்னால் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த வெளிநாட்டு அதிகாரிக்கு நான்கு பேர் தெரிந்தார்கள். கணவன் மனைவி இருவர் மட்டுமே என்று புரியவைக்க ஏழு வாரம் போயிற்று. ஆகையால் உங்கள் திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் அவருடைய பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பதிந்த அலுவலகத்திலேயே திருத்தம் கேளுங்கள். அது முடியாவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து இணையுங்கள்.

அப்புறம் அப்போஸ்டில். நம் ஊர்ச் சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக, மாநில அரசின் சான்றொப்பம் முடிந்த பிறகு வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் முத்திரை அது. இந்தியா இந்த ஏற்பாட்டில் 2005-ல் சேர்ந்தது. திருமணச் சான்றிதழுக்கு எல்லாரும் எடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் சேர்த்து எடுங்கள். விசாவுக்கு அது தேவையில்லை, ஆனால் அங்கே போய் நகராட்சியில் பதியும்போது கேட்பார்கள். ஐந்தோவனில் உட்கார்ந்துகொண்டு கடலூரிலிருந்து அதை வரவழைக்க அலைய வேண்டாம். சான்றிதழில் தமிழில் மட்டும் உள்ள பகுதி இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும் வேலையைத் தொடங்கியிருப்பீர்கள், அது நல்லதுதான். ஆனால் அது முடிந்த பிறகுதான் விசா கேட்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உலகில் எங்கே நடந்தாலும் முறைப்படி நடந்த கல்யாணம் கல்யாணமே என்பதுதான் ஐரோப்பியச் சட்டத்தின் பொது நிலை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பெண் பார்த்து, நிச்சயித்து, இரண்டு மாதத்தில் கல்யாணம் என்றால் அங்குள்ள அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரலாம். விசாவுக்காகச் செய்த போலிக் கல்யாணம் என்றால் உரிமையை மறுக்கலாம், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. நிச்சயதார்த்தப் பத்திரிகை, இரு குடும்பமும் நிற்கும் போட்டோ நான்கைந்து கையில் இருக்கட்டும். தனித்தனியாகக் கேள்வி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒப்பித்த பதில் சந்தேகத்தைக் கூட்டும்.

விசா கிடைத்ததும் நேராக ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு டிக்கெட் எடுப்பது நல்லது. ஆவணங்களின் கோப்பு கைப்பையில் இருக்கட்டும். விசாவில் 90 நாள் என்று போட்டிருப்பதைப் பார்த்து, மூன்று மாதத்தில் திரும்பி வர வேண்டுமோ என்று பயந்து எழுதுகிறவர்கள் நிறைய. வேண்டாம். அந்தக் காலத்துக்குள் நகராட்சியில் பதிந்து, அங்கே வாழ்கிறவர்களுக்கு அரசு தரும் பிஎஸ்என் என்ற அடையாள எண்ணை வாங்கி, ஐஎன்டி என்ற குடியேற்றத் துறையிடம் குடும்பத்தாருக்கான வதிவிட அட்டைக்கு மனு கொடுத்தால் போதும். கொடுத்த உடனே அத்தாட்சி தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் அட்டை தர வேண்டும். அதற்கு வாங்கும் கட்டணம் அந்த நாட்டவர் தங்கள் அடையாள அட்டைக்குக் கட்டுவதைவிடக் கூடாது. இடைப்பட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதோடு நீங்கள் வேலைக்கும் போகலாம். மருத்துவக் காப்பீட்டை நான்கு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அட்டை ஐந்து வருடம் செல்லும், ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தர வதிவிட உரிமை. அந்த அட்டை கையில் இருந்தால் பாரிஸில் உள்ள நாத்தனார் வீட்டுக்குத் தனி விசா இல்லாமல் போய்வரலாம்.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நெதர்லாந்தில் நான்கு வாரத்துக்குள் ஆட்சேப மனு கொடுக்கலாம், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். கூடவே உங்கள் கணவர் சோல்விட் என்ற இலவச ஐரோப்பியச் சேவையில் முறையிடலாம். அரசு அலுவலகங்கள் ஐரோப்பியச் சட்டத்தைத் தவறாகக் கையாளும்போது அவர்களோடு பேசித் தீர்ப்பதற்காகவே அது இருக்கிறது, பத்து வாரத்தில் முடிப்பது அவர்கள் இலக்கு. ஆனால் சோல்விட்டில் கொடுத்ததால் ஆட்சேபக் கெடு நின்றுவிடாது.

பின்னால் பிரான்ஸுக்குப் போனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு விடை கிடைத்ததே ஒரு இந்தியரின் வழக்கில். சுரிந்தர் சிங் என்பவர் பிரிட்டிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சில வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு, அப்போது உறுப்பு நாடாக இருந்த பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். இன்னொரு உறுப்பு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்புகிறவரின் துணைக்கும் ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு தொடரும் என்று 1992-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நீங்கள் நெதர்லாந்தில் உண்மையாகவே சேர்ந்து குடும்பம் நடத்தியிருக்க வேண்டும், சில வார விடுமுறையைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆகவே வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, நகராட்சிப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று பீரோவிலிருந்து உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். உங்களுடையதும் அப்படி இருந்தால், அப்போஸ்டிலுக்குப் போகும் முன் பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பெயர் சேர்க்க மனு கொடுங்கள். மற்ற எதையும்விட அதற்குத்தான் நாள் பிடிக்கும்.