வடு விழுந்த பழம், கோணல் காய்: இவற்றில் சத்து கூடுதல் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை; எல்லா வகைக் குறைக்கும் பொருந்தாது. இங்கே குறை என்பது வடு, புள்ளி, சொரசொரப்பு, கோணல் போன்ற தோற்றக் குறைகள்.

பூச்சி கடித்தாலும் கிருமி தாக்கினாலும் செடியால் ஓடி ஒளிய முடியாது. அடிபட்ட இடத்திலேயே பாலிஃபீனால் எனப்படும் தற்காப்புப் பொருட்களைக் கூடுதலாக உருவாக்கும். மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகிறதே, அதுபோல. சத்து கூடுதல் என்று சொல்வது இப்பொருட்களை வைத்துத்தான். சொறிநோய் கண்ட ஆப்பிளில் கரும்பழுப்பாக, தொட்டால் சொரசொரவென்று சிறு வட்டங்கள் தெரியும். அவற்றைச் சுற்றிய தோலில் இப்பொருட்கள் கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் சுவை கொஞ்சம் துவர்க்கலாம். தோலைச் சீவி எறிந்தால் இந்தக் கூடுதல் பலனும் அதோடு போய்விடும்.

கோணல் கதை வேறு. கேரட் இரண்டு காலாகப் பிரிவதற்குப் பெரும்பாலும் வேர்நுனி கல்லிலோ கெட்டி மண்ணிலோ முட்டியதுதான் காரணம். அதனால் சத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

வடுவையும் அழுகலையும் மட்டும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்: பூஞ்சை பிடித்து அழுகிய ஆப்பிளில் பாட்டுலின் என்ற நச்சு உருவாகலாம்.