செகண்ட் ஹேண்டில் வாங்கிய அக்கூஸ்டிக் கிதாரில் கம்பிகள் ரொம்ப உயரமாக இருக்கின்றன. ட்ரஸ் ராடைத் திருகினால் இறங்கிவிடுமா?

துளி இறங்கும். ஆனால் கம்பியை இறக்குவதற்காக அதைத் திருகக் கூடாது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், ட்ரெட்நாட் வடிவ (அகன்ற உடல் கொண்ட) கிதார், 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) ஆறாவது, அதாவது தடித்த கம்பி 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, எஃப் கார்டு பிடித்தால் பாதிக் கம்பி பேசவில்லை, விற்றவர் “ராடை டைட் பண்ணுங்க, சரியாயிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிதார் வைத்திருப்பவர்கள் மத்தியில் அதிகம் புழங்கும் தவறான அறிவுரை இதுதான். கம்பிகளின் இழுவையில் கழுத்து முன்பக்கம் வளையாமல் தாங்குவதற்காக உள்ளே போட்ட இரும்புத் தண்டுதான் ட்ரஸ் ராட். கிப்சன் நிறுவனம் 1920களில் திருகி மாற்றக்கூடிய ராடுக்குக் காப்புரிமை வாங்கியது அந்த ஒரு வேலைக்காகத்தான். மார்ட்டின் கிதார்களில் 1985 வரைக்கும் திருகும் ராடே கிடையாது. கம்பியின் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை, முடிவு செய்யும் இடங்கள் வேறு: ஒரு முனையில் நட் (கழுத்தின் தலைப்பக்கம், கம்பிகள் காடிகளில் உட்காரும் சின்னப் பட்டை), மறுமுனையில் சாடில் (உடலில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை), இரண்டுக்கும் அடிப்படையாகக் கழுத்து உடலோடு சேரும் கோணம்.

முதலில் உங்கள் கிதாரில் இருப்பது ஸ்டீல் கம்பிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிதாருக்கு 4 மி.மீ. சாதாரண உயரம்தான். கிளாசிக்கல் கிதாரில் யாரோ ஸ்டீல் கம்பி மாட்டி விற்றிருந்தால் (பிரிட்ஜில் பின் இல்லாமல், கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் ஓட்டைகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்) இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அந்த உடல் அவ்வளவு இழுவைக்குக் கட்டப்பட்டதல்ல, பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

எஃப் கார்டு விஷயத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டுக்கொண்டு, அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் குற்றவாளி நட். கேப்போ போட்டதும் நட் கணக்கிலிருந்தே போய்விடுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். பல மலிவு கிதார்களில் சிக்கல் இங்கேதான், ஆனால் எல்லோரும் 12ஆவது ஃப்ரெட்டையே அளந்துகொண்டிருப்பார்கள்.

எதையும் தொடுவதற்கு முன் உடலைப் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் கிடைக்கும். அதை மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கு நடுவே ஃப்ரெட்கள் மேல் நேராகப் படுக்க வைத்து, பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்தளத்தை உரசிக்கொண்டு போனால் கழுத்துக் கோணம் நன்றாக இருக்கிறது. பிரிட்ஜின் பக்கவாட்டில், மேல்தளத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழே போய் முட்டினால் கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றி ஒட்டும் வேலை, அதாவது நெக் ரீசெட் தேவை. மலிவு கிதாருக்கு அந்தச் செலவு கிதார் விலையையே தாண்டிவிடும். திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் கொடுத்துவிடுங்கள். அடுத்து, ஒரு ஏ4 தாளின் ஓரத்தைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு வருகிறது. கம்பிகளை உடனே தளர்த்திவிட்டு ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

ஈரப்பதத்தையும் கணக்கில் எடுங்கள். கிதார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் ஒத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்று இதைவிட எவ்வளவோ ஈரம். மரம் ஈரத்தைக் குடித்தால் மேல்பலகை உப்பும், அதோடு பிரிட்ஜும் உயரும், கம்பியும் உயரும். அந்த நிலையில் சாடிலைத் தேய்த்துவிட்டால், பலகை காய்ந்து அமர்ந்த பிறகு எல்லாக் கம்பியும் ஃப்ரெட்டில் அடித்துக் கரகரக்கும். அதனால் கிதாரைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். மேல்பலகையில் லேசான மேடு இருந்தால் பயப்பட வேண்டாம், பல கிதார்களை அப்படித்தான் கட்டுகிறார்கள்.

எந்தக் கம்பி போடப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 12–53 செட் (முதல் கம்பி 0.012, ஆறாவது 0.053 அங்குலத் தடிமன்) கழுத்தை மொத்தமாகச் சுமார் 70 கிலோ அளவுக்கு இழுக்கிறது. 10–47 போட்டால் 10 கிலோவுக்கு மேல் குறையும், விரலுக்கும் இதம். ஆனால் இழுவை குறைந்ததும் கழுத்து நிமிரும். செட்டிங் எல்லாம் முடித்துவிட்டுக் கம்பி மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி ராடுக்கு வருவோம். சரியான சுருதியில் வைத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது கம்பியைக் கழுத்து உடலைத் தொடும் 14ஆவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பியே நேர்கோடு. நடுவில், ஏழாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை போதும். பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்குக் கச்சிதம். அது இல்லாவிட்டால் 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு தாள் நுழைந்து கம்பி அசையாவிட்டால் ராடைத் தொடவே வேண்டாம்.

ஐந்தாறு தாள் நுழைகிறது என்றால் திருகலாம். ராடின் தலை நட்டுக்குப் பின்னால் சின்ன மூடிக்கு அடியிலோ, ஒலித்துளைக்கு உள்ளேயோ இருக்கும். உள்ளே இருந்தால் நீளமான ஆலன் கீ வேண்டும், சைக்கிள் கிட்டில் வரும் குட்டைக் கீ எட்டாது. பொருந்தாத அளவைப் போட்டு அழுத்தினால் தலையின் அறுகோணம் மழுங்கிவிடும், அப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது. வலஞ்சுழியாகத் திருகினால் கழுத்து நிமிரும். ஒரு நேரத்தில் கால் சுற்று. சுருதி சேர்த்து, மறுபடி அளந்து, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். ராட் உடைந்தால் அதை மாற்ற ஃப்ரெட்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

நட்டைச் சோதிக்க, கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் மிச்சமிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். தட்டினால் ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வரும் அளவுக்கு மயிரிழை இடைவெளி போதும். விசிட்டிங் கார்டு நுழைந்தால் நட் உயரம். காடிகளை ஆழப்படுத்த ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனித்தனி அரம் தேவை. ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் காடி அகலமாகி, கம்பி சிதார் மாதிரி ஒலிக்கும். இந்த ஒரு வேலையைக் காசு கொடுத்துச் செய்துகொள்வதுதான் நல்லது. அதுவரை அரைச் சுருதி இறக்கி முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசியுங்கள், கையும் பிழைக்கும், சுருதியும் சரியாக இருக்கும்.

சாடில் கடைசி. தேய்த்தது தேய்த்ததுதான் என்பதால் கணக்குப் போட்டுவிட்டுத் தொடுங்கள். உங்கள் 4 மி.மீ.யை எடுத்துக்கொள்வோம். ராடைத் திருகி ஏழாவது ஃப்ரெட்டின் இடைவெளி 0.6லிருந்து 0.2க்கு வந்தால் 12ஆவது ஃப்ரெட்டில் உத்தேசமாக 0.2 இறங்கும். நட்டில் 0.3 எடுத்தால் அங்கே அதில் பாதி, 0.15. மிச்சம் 3.65. ஆறாவது கம்பிக்கு 2.5, முதல் கம்பிக்கு 1.8 முதல் 2 என்பதுதான் வழக்கமான இலக்கு. 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மடங்கு இறங்க சாடிலில் இரண்டு மடங்கு தேய்க்க வேண்டும். 1.15 இறங்க 2.3 மி.மீ. உங்கள் சாடில் பிரிட்ஜுக்கு மேல் 4 மி.மீ.தான் தெரிகிறது என்றால், மிச்சம் 1.7. கம்பி சாடிலைத் தாண்டி நன்றாகச் சரிந்து இறங்க 2 மி.மீ.யாவது வெளியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலி மெலிந்துவிடும். ஆகவே 2.7 போதும் என்று நிறுத்திக்கொண்டு 1.9 மட்டும் தேய்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

பழைய சாடிலைத் தேய்க்காதீர்கள். எலும்பு சாடில் ஒன்று வாங்கி அதில் வேலை செய்யுங்கள், தப்பினால் பழையது பத்திரமாக இருக்கும். தேய்ப்பது அடிப்பக்கத்தை மட்டும். பென்சிலில் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் 120ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சாடிலைச் செங்குத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். அடிப்பக்கம் துளி உருண்டுவிட்டாலும், சாடிலுக்குக் கீழே பிக்கப் உள்ள கிதாரில் ஒரு கம்பி ஆம்ப்ளிஃபயரில் கேட்கவே கேட்காது.

எல்லாம் முடிந்தபின் கரகரப்பு வந்தால் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் மட்டும் என்றால் கழுத்து அதிகமாக நிமிர்ந்துவிட்டது, ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள். அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் என்றால் நட் காடி ஆழமாகிவிட்டது. 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் சாடில் தாழ்வு, அடியில் மெல்லிய மரச்சீவல் வைக்கலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் துருத்திக்கொண்டிருக்கும். எந்த ஃப்ரெட்டோடும் சேராமல், குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் கரகரத்தால் கம்பிகளை விட்டுவிட்டு ட்யூனிங் கீகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹெட்டின் முன்பக்கம் அவற்றைப் பிடித்திருக்கும் அறுகோண நட்டுகளில் ஒன்று தளர்ந்திருக்கும், பெரும்பாலும் 10 எம்.எம். ஸ்பேனர் போதும்.