பிஎச்பி பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அனுப்பினால் பக்கம் நின்றுபோவது ஏன்?

கேள்வி: எங்கள் ஹார்டுவேர் கடைக்கு பிஎச்பியில் ஒரு வெப்சைட் வைத்திருக்கிறோம். டேட்டாபேஸில் உள்ள பொருட்களை லூப் போட்டு, எக்கோ செய்து, ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலாக மாற்றுகிறேன். வாடிக்கையாளர் சைஸைத் தேர்ந்தெடுத்தால் விலை தெரியும். 3/4" பைப் என்று ஒரு பொருளைச் சேர்த்ததும் எல்லாம் நின்றுவிட்டது. ஆட்ஸ்லாஷஸ் போட்டதும் சரியானது. பிறகு மறுபடியும் நின்றது. டெவலப்பர் ஒருவர், “பிஎச்பியில் இதெல்லாம் சரிவராது, ரியாக்ட்டில் புதிதாக எழுத வேண்டும்” என்று பெரிய தொகை கேட்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: அவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பிரச்சினை ஒரே வரியில் தீரக்கூடியது. ரியாக்ட் என்பது பிரவுசரில் ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அதில் எழுதினாலும் சர்வரிலிருந்து பிரவுசருக்குத் தரவு போய்த்தான் ஆக வேண்டும், சர்வரில் பிஎச்பி இருக்கும்வரை அங்கேயும் இதே வரி தேவைப்படும். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பக்கம் ஏன் நிற்கிறது? பொருளின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து எக்கோ செய்கிறீர்கள். 3/4-க்குப் பின்னால் வரும் இன்ச் குறியும் அதே இரட்டை மேற்கோள்தான். பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ‘பைப்’ என்ற சொல்லுக்கு அதற்கு அர்த்தம் தெரியாது. இப்படி ஒரு இலக்கணப் பிழை வந்தாலும் அந்த ஸ்கிரிப்ட் முழுவதும் ஓடாது. ஆட்ஸ்லாஷஸ் என்ற ஃபங்ஷன் மேற்கோளுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போடும், அதனால்தான் கொஞ்ச காலம் ஓடியது. ஆனால் விவரம் எழுதும்போது யாராவது என்டர் தட்டியிருந்தால் அந்த வரி முறிவை அது தொடாது. மறுபடி நின்றதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

லூப்பை எடுத்துவிடுங்கள். பொருட்களின் அரேயை அப்படியே ஜேசன்_என்கோட் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்து, அது தருவதை எக்கோ செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் கான்ஸ்ட் பொருட்கள், சமக்குறி, அதையடுத்து இந்த எக்கோ, கடைசியில் அரைப்புள்ளி. அவ்வளவுதான். மேற்கோள், வரி முறிவு, சாய்கோடு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சுற்றிலும் நீங்கள் மேற்கோள் போடக் கூடாது. ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து ஜேசன்.பார்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனிடம் கொடுக்கச் சொல்லும் பாடங்கள் ஏராளம்; அப்படிச் செய்தால் பழைய தொல்லை வேறு வழியாகத் திரும்பி வரும். ஃபங்ஷனின் இரண்டாவது இடத்தில் ஜேசன்_ஹெக்ஸ்_டேக் என்ற குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். பெயரில் யாராவது ஸ்கிரிப்ட் டேகை எழுதி வைத்தாலும் பக்கம் உடையாது.

இந்த ஃபங்ஷன் 2006-ல் வந்த பிஎச்பி 5.2 முதல் கூடவே வருகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பல பயிற்சி மையங்கள் எழுத்துச் சரத்தைத் துண்டு துண்டாக ஒட்டும் முறையையே சொல்லிக் கொடுக்கின்றன. பாடத்திட்டத்தைத் திருத்த ஒருவருக்கும் நேரமில்லை. அங்கே படித்து வருபவர் உங்கள் கடையில் தடுமாறுகிறார், அடுத்தவர் வந்து “எல்லாவற்றையும் இடித்துக் கட்டலாம்” என்கிறார். செலவு உங்கள் தலையில்.

உங்கள் தொழிலுக்கென்றே ஓர் இடைஞ்சல் உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். ஹார்டுவேர் பட்டியலில் ½, 1½ போன்ற எழுத்துகள் வரும். எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் இந்த ½ பெரும்பாலும் பழைய விண்டோஸ் முறையில் ஒரே பைட்டாகப் பதிவாகும். ஜேசன்_என்கோட், எல்லா மொழி எழுத்துகளையும் பதியும் பொது முறையான யுடிஎஃப்-8 எழுத்தை மட்டுமே ஏற்கும். ஆயிரம் பொருளில் ஒன்றில் அந்த ஒரு பைட் இருந்தாலும் முழுப் பட்டியலையும் மறுத்து, ஃபால்ஸ் என்று பதில் தரும். ஃபால்ஸை எக்கோ செய்தால் திரையில் எதுவும் வராது. சமக்குறிக்குப் பிறகு வெறும் அரைப்புள்ளி நிற்கும், பக்கம் மறுபடி சாகும், காரணமும் தெரியாது. இந்த நிலையில்தான் “பிஎச்பி சரியில்லை” என்று நம்பவைப்பது சுலபம்.

இதற்குச் சொல்லப்படும் குறுக்குவழிகள் இரண்டு. இரண்டும் வேண்டாம். யுடிஎஃப்8_என்கோட் என்ற ஃபங்ஷனை எல்லாவற்றின் மேலும் ஓட்டினால், ஏற்கெனவே சரியாக இருக்கும் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகிவிடும், பிஎச்பி 8.2-ல் அதைக் கைவிடச் சொல்லியும்விட்டார்கள். இன்னொன்று, தவறான எழுத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் ஜேசன்_இன்வாலிட்_யுடிஎஃப்8_இக்னோர். பக்கம் ஓடும், ஆனால் ½ மறைந்துபோகும். 1½ இன்ச் எல்போ 1 இன்ச் எல்போ ஆகிவிடும். வாடிக்கையாளர் தவறான சைஸை வாங்கிக்கொண்டு போய், பிளம்பர் திருப்பி அனுப்பிய பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

சரியான வழி: எக்செல்லில் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற தேர்வில் சேமித்து ஏற்றுங்கள். டேட்டாபேஸ் இணைப்பின் கேரக்டர் செட்டை, அதாவது எழுத்துப் பதிவு முறையை, யுடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். அதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பழைய இணைப்பு வழியாக ஏற்றிய தமிழ்ப் பெயர்கள் மாற்றத்துக்குப் பிறகு சிதைந்து தெரியலாம். ஜேசன்_என்கோட்டின் அதே இரண்டாவது இடத்தில் ஜேசன்_த்ரோ_ஆன்_எரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் மறுக்கப்பட்டால் அமைதியாக இருக்காமல் காரணத்தைச் சொல்லும். இதற்கு பிஎச்பி 7.3 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் இன்னும் பழைய பதிப்பில் வைத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் அவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை.

விலையை டெசிமல் வகையில் வைத்திருந்தால் அது பிரவுசருக்கு எண்ணாக வராது, எழுத்தாகவே வரும். பெருக்கினால் சரியான விடை கிடைக்கும், கூட்டினால் 250.00-உம் 40.00-உம் 250.0040.00 என்று ஒட்டிக்கொள்ளும். கூட்டும் முன் நம்பர் ஃபங்ஷனில் போட்டு எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். செலக்ட் நட்சத்திரம் என்று டேபிள் முழுவதையும் எடுத்து அனுப்புகிறீர்களா? அப்படியானால் அடக்க விலையும் டீலர் டிஸ்கவுன்ட்டும் சேர்ந்து போகின்றன. கன்ட்ரோல்-யு அழுத்தத் தெரிந்த எவரும், பக்கத்துக் கடைக்காரர் உட்பட, அதைப் படிக்கலாம். திரையில் காட்டவில்லை என்பதால் அது ஒளிந்திருக்கவில்லை. பெயர், சைஸ், விற்பனை விலை என்று தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுங்கள். பிரவுசருக்குப் போன விலையை அங்கிருப்பவர் மாற்றவும் முடியும். ஆர்டர் வரும்போது பொருளின் ஐடியையும் எத்தனை வேண்டும் என்பதையும் மட்டும் வாங்கிக்கொண்டு, விலையை டேட்டாபேஸிலிருந்து எடுத்து சர்வரிலேயே மறுபடி கணக்குப் போடுங்கள்.