வாசகர் கேள்வி பதில்: ஆறு வாரப் படிப்பும் விடுதி அறையும்

விடுமுறைப் பருவத்தில் வளாகத்தில் தங்கிப் படிப்பவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஆறு வாரச் சிறப்புப் பருவத்தில் ஒரே ஒரு பாடம்தான் எடுத்தேன். இரண்டாம் வாரத்திலேயே மூன்று விரிவுரையும் ஒரு பயிற்சித்தாளும் பாக்கி. பாடத்தை விட்டுவிடலாமா? (மாணவர், புக்கிட் பாத்தோக்)

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 யூனிட் பாடம் என்றால் வகுப்பு, பயிற்சி, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து வாரம் 10 மணி நேரம், 13 வாரம். ஆக மொத்தம் 130 மணி. அதையே 6 வாரத்துக்குள் அடக்கினால் வாரத்துக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் வரும். எடுத்தது ஒரு பாடம், சுமப்பது இரண்டு பாடத்தின் பளு. அதனால்தான் இரண்டு நாள் அசந்தாலும் இப்படிக் குவிகிறது. உங்கள் திறமையைச் சந்தேகிக்க வேண்டாம்.

பாக்கியை முதலிலிருந்து வரிசையாகத் தொடாதீர்கள். பலரும் பழைய ஒளிப்பதிவுகளை ஒன்றுவிடாமல் பார்க்க உட்கார்ந்து, அன்றைய வகுப்பையும் கோட்டை விடுகிறார்கள். இன்றைய விரிவுரைக்கு இன்றே போய்விடுங்கள். பிறகு, பாக்கியுள்ள பயிற்சித்தாளை நேரடியாகப் போட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியில் முட்டுகிறதோ அந்தப் பகுதியை மட்டும் பதிவில் தேடிப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் நான்கு மணி நேரம், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 22 மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையைத் தொடாமல் விட்டுவையுங்கள். அது இல்லாமல் நான்காம் வாரத்தைத் தாண்டுவது கடினம்.

விலகுவதென்றால் இன்றே கல்வி நாட்காட்டியைத் திறங்கள். குறுகிய பருவத்தில் கெடு நாள் கணக்கில்தான் இருக்கும். கட்டணம் திரும்பக் கிடைக்கும் தேதி ஒன்று, மதிப்பெண் பட்டியலில் பாதிப்பில்லாமல் விலகும் தேதி வேறொன்று என்று இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்கள், இருக்கும் ஒரே பாடத்தை விட்டால் மாணவர் அனுமதி அட்டையும் (ஸ்டூடன்ட் பாஸ்) விடுதி அறையும் என்னவாகும் என்று அலுவலகத்தில் கேட்ட பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

கேள்வி: குளிர்சாதனம் இல்லாத அறை. இரவில் புழுக்கம் தாங்கவில்லை. துவைத்த துணியிலும் முடைநாற்றம். (மாணவி, கிளமெண்டி)

பதில்: பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவர் இரவில் சூட்டை வெளியே விடும். காற்றாடியை முகத்துக்கு நேரே வைத்தால் அந்தச் சூட்டுக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். இருட்டி, வெளியே சற்றுக் குளிர்ந்ததும் காற்றாடியைச் சன்னலிலிருந்து இரண்டடி தள்ளி, வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். தாழ்வாரக் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே தேங்கிய சூடு வெளியேறும். அரை மணி நேரம் கழித்துக் கட்டில் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் சன்னலைத் திறந்து போட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையிலும் முற்பகலிலும் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரும். மேசைமேல் விட்ட மடிக்கணினிதான் முதலில் நனையும்.

துணி நாறுவது ஈரம் நெடுநேரம் நிற்பதால். சலவை முடிந்ததும் இன்னொரு முறை பிழியும் சுற்று மட்டும் ஓட விடுங்கள். துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்றாடி முன் உலர்த்துங்கள். கழுத்துப்பட்டையும் கக்கமும் கடைசியில்தான் காயும். அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள். நாற்றம் ஏறிய துணியை ஒரு வாளித் தண்ணீரில் அரைக் குவளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைக்கலாம். அதனுடன் பிளீச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: மகள் சுத்த சைவம். விடுமுறையில் வளாகக் கடைகள் பாதி மூடியிருக்கின்றன. அறையில் குக்கர் வைக்கவும் விடுவதில்லை. (தாயார், ஈசூன்)

பதில்: அம்மா, குக்கர் விஷயத்தில் நாங்கள் விடுதியின் பக்கம். ஆவியும் புகையும் எச்சரிக்கை மணியை அடிக்க வைத்தால் கட்டடமே காலியாக வேண்டும். தளத்தில் பொதுச் சமையலறை உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.

காய்கறிச் சோற்றுக் கடையில் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. கீரைப் பொரியலில் சிப்பி சாஸ் இருக்கும், கங்குங் கீரையில் பிளாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், லக்சா நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால் அரைத்திருப்பார்கள். சீன சைவக் கடைகளில் இந்தத் தொல்லை குறைவு; முட்டை சாப்பிடாதவர் என்றால் போலி இறைச்சியில் முட்டை உண்டா என்று கேட்பது நல்லது. கென்ட் ரிட்ஜிலிருந்து எம்ஆர்டி ரயிலின் வட்டப் பாதையில் ஹார்பர்ஃபிரண்ட் ஐந்து நிறுத்தம், அங்கே வடகிழக்குப் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா ஐந்து நிறுத்தம். வாரம் ஒருமுறை அங்குள்ள தேக்கா சந்தைக்குப் போய் அவல், பொட்டுக்கடலை, ஊறுகாய், பருப்புப்பொடி வாங்கி வைத்தால் கடை மூடிய இரவுகளைச் சமாளிக்கலாம்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த சார்ஜர் இங்கே சேரவில்லை. துளையில் பேனா நுழைத்துச் செருகலாம் என்கிறார்கள். (மாணவர், ஜூரோங்)

பதில்: வேண்டவே வேண்டாம். மூன்று துளைப் பிளக் பாயிண்டின் மேல்துளையைப் பேனாவால் அழுத்தி இரண்டு கால் பிளக்கைத் திணித்தால் தொடுமுனை தளர்ந்து சூடேறும், பொறி பறக்கும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான், மின்மாற்றி தேவையில்லை. சேஃப்டி மார்க் என்ற சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரையுள்ள அடாப்டர் ஒன்று போதும்.