கணுக்கால் செய்த கடனை முழங்கால் கட்டுகிறது

கேள்வி: எனக்கு 63 வயது. 1998-இல் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து வலது கணுக்கால் முறிந்து, தகடு வைத்தார்கள். இரண்டு வருடமாகக் காலையில் எழுந்தால் கணுக்கால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறேனாம், "வாத்து மாதிரி நடக்காதீங்க" என்கிறாள் மனைவி. இப்போது முழங்காலும் வலிக்கிறது. வயசானால் இப்படித்தானா?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள் ஐயா. முழங்கால், இடுப்பு மூட்டுகள் வயதோடு தேய்வது சகஜம். கணுக்கால் அப்படியில்லை, அங்கே தேய்மானம் வந்தால் பெரும்பாலும் பின்னால் ஒரு பழைய முறிவோ அடிக்கடி சுளுக்கியதோ இருக்கும்.

ஊன்றிய காலைத் தாண்டி உடம்பு முன்னே போக, கணுக்கால் சுமார் 10 டிகிரியாவது முன்பக்கம் மடங்க வேண்டும். மடங்கவில்லை என்றால் உடம்பு சும்மா இருக்குமா, பாதத்தை வெளியே திருப்பி உட்பக்க ஓரத்தில் உருண்டு போகும், இல்லையா குதிகாலைச் சீக்கிரமே தூக்கும், அதுவும் இல்லையென்றால் முழங்காலைப் பின்னால் தள்ளும். உங்கள் முழங்கால் வலி அங்கிருந்துகூட வந்திருக்கலாம். வலிக்குப் பயந்து அந்தக் காலைச் சட்டென்று எடுத்துவிடுவதால் எடுத்து வைக்கும் அடியும் குட்டையாகிவிடும், வேகமும் போய்விடும்.

பழைய காலணிகளைக் கவிழ்த்துப் பாருங்கள், வலதும் இடதும் வேறுவேறு மாதிரி தேய்ந்திருக்கும். அப்புறம் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று இரண்டு காலிலும் சோதியுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வெளியே ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) வேண்டாம், தேக்கா சந்தைக்குப் போவதானாலும் சரி. அடிப்பாகம் படகு மாதிரி முன்னால் வளைந்த காலணி, மடங்காத கணுக்காலுக்குப் பதில் தானே உருண்டு கொடுக்கும். கைத்தடி என்றால் இடது கையில் பிடியுங்கள், பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். மேம்பாலத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், கைப்பிடியைப் பிடித்து வலது காலை முதலில் இறக்குங்கள். சாலை கடக்க, மூத்தோருக்குப் பச்சை விளக்கை நீட்டித்துத் தரும் கிரீன் மேன் பிளஸ் வசதி உள்ள இடத்தில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் கூடுதலாகச் சில வினாடிகள் கிடைக்கும், வெட்கப்படாமல் தட்டுங்கள்.

பலதுறை மருந்தகத்துக்குப் போய், நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கணுக்கால் மூட்டை அசையாதபடி ஒட்டிவிடும் அறுவை சிகிச்சை என்றால் நடக்கவே முடியாது என்று பயப்படுகிறார்கள். சமதரையில் வலி குறைந்து முன்னைவிட நன்றாகவே நடப்பவர்கள் பலர், சரிவில் இறங்கும்போது மட்டும் கொஞ்சம் சிரமம் இருக்கும்.