அச்சகத்தில் ஓடிய பழைய பென்டியம் 3 கணினியில் விண்டோஸ் 98 போடுவது எப்படி?

மூடிவிட்ட ஓர் அச்சகத்திலிருந்து பென்டியம் 3 கணினியை வாங்கித் திருமங்கலத்தில் வீட்டில் வைத்திருப்பதாகவும், ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டு விண்டோஸ் 98 போடப்போவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 98 தாராளமாகப் போடலாம். அந்த டிஸ்கை மட்டும் ஃபார்மட் செய்யாதீர்கள். இந்தப் பதிலில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்தால் போதும்.

மதுரை சிம்மக்கல் பக்கம் அச்சகங்களுக்குப் பல ஆண்டுகள் டைப்செட்டிங் செய்தவன் நான். அப்படிப்பட்ட கணினிக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். மண்டகப்படி அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு அடித்த அன்னதான நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பத்திரிகை ஒன்றை எடுத்தால் பெரியப்பா, சித்தப்பா தொடங்கித் தாய்மாமன் வரை ஒரு குடும்பமே பெயர் பெயராக நிற்கும். அச்சடித்த தாள் அந்த வீட்டிலேயே இருக்காது. இந்த டிஸ்கில் இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ எனும் அந்தப் பழைய வகை டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கி, இப்போதைய கணினியில் மாட்டி முழுப் பிரதி எடுப்பது. விண்டோஸ் 98 பயன்படுத்தும் ஃபேட் 32 என்ற கோப்பு அமைப்பை இன்றைய விண்டோஸும் லினக்ஸும் சிரமமின்றிப் படிக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவாத காலம் அது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையும் கூடவே வந்தாக வேண்டும்.

கணினியின் பின்புறத்தையும் பாருங்கள். 25 ஊசி கொண்ட பிரிண்டர் போர்ட்டில் கட்டைவிரல் நீளத்தில் ஏதாவது செருகியிருந்தால் அது தமிழ் மென்பொருளைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு, அதாவது லாக். அதைத் தொலைத்துவிட்டால் மென்பொருள் திறக்காது. கோப்புகளைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இன்றைய கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் பாவனை செய்யும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளிலேயே விண்டோஸ் 98 போட்டுக்கொள்ளலாம். லாக் இருக்கிறதென்றால் உண்மையான பழைய கணினிதான் வேண்டும், என் கருத்தில் அதற்கு மாற்றில்லை.

விண்டோஸ் 98க்கு வேறொரு டிஸ்கை மாட்டுங்கள். 20 அல்லது 40 ஜிபி போதும். 64 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸ் 98 சிடியில் உள்ள, டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் அளவைத் தவறாகக் காட்டும். 137 ஜிபியைத் தாண்டினால் தகவலே அழியக்கூடும். ரேம் 512 எம்பிக்கு மேல் வேண்டாம். விண்டோஸ் 98 அதில் தடுமாறி, நினைவகம் போதவில்லை என்றே சொல்லும்.

மின்சாரம் கொடுக்கும் முன் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியின் பின்னால் உள்ள சிவப்பு ஸ்விட்ச் 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அவற்றை மாற்றாமல் இயக்காதீர்கள். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர் 2032 பேட்டரி ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் தேதியும் பயாஸ் என்னும் தொடக்க நிரலின் அமைப்பும் நிற்காது. திரை வராமல் விட்டு விட்டு நீளமாக பீப் ஒலித்தால், ரேமைக் கழற்றி, பொன்னிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துணியால் துடைத்துவிட்டு, இரு பக்கக் கொக்கியும் தானாக மூடும்வரை அழுத்திச் செருகுங்கள். மதுரைத் தூசிக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் பலிக்கும்.

1999இல் வந்த இரண்டாம் பதிப்பையே தேடிப் பிடியுங்கள். சிடியிலிருந்து பூட் செய்து, எஃப்டிஸ்க் கொடுங்கள். பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்ற முதல் கேள்விக்கு ஆம் என்று சொன்னால்தான் ஃபேட் 32 கிடைக்கும். பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதை ஆக்டிவ் ஆக்கி, மறுபடி பூட் செய்து, ஃபார்மட் கொடுங்கள். உடனே செட்டப்பை ஓட்ட வேண்டாம். சிடியில் உள்ள வின்98 கோப்புறையை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அங்கிருந்து செட்டப்பைத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு டிரைவருக்கும் அது சிடியைக் கேட்கும்போது அந்தக் கோப்புறையைக் காட்டினால் முடிந்தது. டிரைவர்களில் சிப்செட்டுக்கு முதலிடம், பிறகு டிஸ்ப்ளே, சவுண்ட்.

பென்டிரைவ் செருகினால் தெரியாது. அதற்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். அதுவரை கோப்புகளை சிடியில் எழுதிக் கொண்டுவாருங்கள். இணையத்தில் இணைக்கவே இணைக்காதீர்கள், 2006 ஜூலையோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன.

எழுத்துருக்களையும் பேஜ்மேக்கரையும் போட்டபின் ஒவ்வொரு பத்திரிகையாகத் திறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் டிரைவர் வழியாகக் காகிதத்துக்குப் பதில் கோப்பாக அச்சிடுங்கள். அந்தக் கோப்பை இன்றைய கணினிக்குக் கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடும். பிறகு அந்தப் பத்திரிகையை அந்தக் குடும்பத்தார் தங்கள் கைபேசியிலேயே திறந்து படிக்கலாம்.