வீடியோ பார்த்தால் கேம் செய்ய வருகிறது, தனியாக வரவில்லை. என்ன செய்யலாம்?

14 வயது மகள் இணையவழியில் கோடோ இன்ஜின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) படிக்கிறாள், வீடியோவை நிறுத்தினால் கை ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், பாடம் எந்தப் பதிப்புக்கானது என்று பாருங்கள். கோடோ 4 வந்தது 2023 மார்ச்சில். பாத்திரத்தை நகர்த்தப் பழைய பாடங்களில் வரும் கைனமேட்டிக்பாடி2டி என்ற கூறின் பெயர் இப்போது கேரக்டர்பாடி2டி. அப்படியே தட்டினால் பிழைதான் வரும். பிள்ளையோ தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துவிடும்.

பதிப்பு சரியென்றால், ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் ஒரே ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி நிரலில் குதிக்கும் வேகம் -400 (திரையில் மேல்திசை எதிர்மறை), ஈர்ப்பு 980. வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் உயரம் சுமார் 82 பிக்சல். ஆகவே 96 பிக்சல் மேடையில் ஏற முடியாது. வேகத்தை -450 ஆக்கினால் 103 கிடைக்கும், ஏறலாம். பள்ளி இயற்பியலில் வரும் அதே சமன்பாடுதான். இதைத் தானே கணக்கிட்டு மேடை வைக்கும் நாளில்தான் வடிவமைப்பு தொடங்குகிறது.

அடிக்கடி தடுக்குவது டெல்டா, அதாவது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் (வழக்கமாக நொடியில் 60-ல் ஒரு பங்கு). ஈர்ப்பை அதனால் பெருக்க வேண்டும். பக்கவாட்டு வேகத்தைப் பெருக்கக் கூடாது, பாத்திரத்தை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு என்ற கட்டளை அதைத் தானே செய்துகொள்ளும். பெருக்கினால் நொடிக்கு 300 பிக்சல் ஓட வேண்டிய பாத்திரம் 5 பிக்சல்தான் நகரும்.

சொந்த கேம் ஒரே திரை, ஒரே விதி என்று இருக்கட்டும். ஆன்லைன் மல்டிபிளேயர் இப்போது வேண்டவே வேண்டாம். முடித்ததும் நண்பரிடம் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல் அவர் எங்கே திணறுகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும்.